ரோஜாவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், கதவைப் பார்த்துச் சிரித்தது. அறுபத்திரண்டு வயது மனிதனை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள் என்றால் அது தவறுதலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். என்னைக் கடத்தி யாருக்கு என்ன பிரயோஜனம்? வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தே அலுத்துப் போவார்கள்.

"பாஸ், காத்துல சாத்திக்கிச்சு போல," என்றேன்.

"காத்து தாழ்ப்பாள் போடாது சித்தப்பா," என்றாள் அவள்.

பாஸ் என்பது என் அண்ணன் மகள். முப்பத்து நாலு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள், இப்போது தனியாகத் துப்பறிகிறாள். நான் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாயை வீணாக்காமல் ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டாள். சம்பளம் மாதாமாதம் உண்டு. மரியாதை அன்றன்றைய மூடைப் பொறுத்தது.

அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். நாலாவது மாடி. ஒரே ஒரு ஜன்னல், அதையும் திறக்க முடியாதபடி கண்ணாடியை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளியே பக்கத்துக் கட்டடத்தின் வெறும் சுவர். உள்ளே ஒரு நீள மேஜை, அதன்மேல் மூன்று டேப்லெட்டுகள், ஒவ்வொன்றும் இரும்புச் சங்கிலியால் மேஜையோடு பிணைக்கப்பட்டு. மேலே 20, 40, 60 என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தண்ணீர்க் கேனில் தண்ணீர் இல்லை. சுவர்க் கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது.

மேல்மூலையிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஐயா, அம்மா, ரெண்டு பேரும் உட்காருங்க." ஓர் இளைஞனின் குரல். "கத்த வேண்டாம். இந்த மாடியில நாங்க மட்டும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் வருது. இங்க வேலை பாக்குற எல்லாரும் வேற ஊருக்குப் போறோம். போனதுக்கு அப்புறம் வாட்ச்மேன் வந்து உங்களுக்குத் திறந்து விடுவார்."

"எங்களை எதுக்குப்பா அடைச்சு வெச்சிருக்கே?" என்றேன். "நாங்க முழங்கால் பெல்ட்டைப் பத்திக் கருத்துச் சொல்ல வந்தவங்க."

ஏதோ தாள் சரசரத்தது.

"டெய்லர் ஐயா பஸ் ஸ்டாப்புல காத்துக்கிட்டு இருந்தார். பொண்ணு இங்க இல்ல, நீங்க வீட்டுக்குப் போங்கன்னு உங்க போன்லேருந்தே மெசேஜ் போட்டாச்சு. அவரும் பஸ் ஏறிட்டார். உங்களைத் தேடி யாரும் வரப்போறதில்ல."

ஸ்பீக்கர் அணைந்தது.

அந்த டெய்லர்தான் எங்களிடம் கேஸ் கொண்டுவந்தவர். மூன்று நாளைக்கு முன், கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தார். இருபத்து நாலு வயது மகள், ஏழு மாதம் முன்பு ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்குமிடமும் அவர்களே கொடுத்தார்கள். சரிபார்க்க வேண்டும் என்று அவளுடைய சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. ஒன்பது நாளைக்கு முன் ஆபீசையே காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டார்கள். அன்றிலிருந்து மகளின் குரல் கேட்கவில்லை. 'நல்லா இருக்கேன்ப்பா, வேலை அதிகம்' என்று எழுத்தில் மட்டும் வருகிறது.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் சார்," என்றார் அவர். "என் பொண்ணு ஒரு நாளும் எனக்கு எழுதி அனுப்ப மாட்டா. பேசித்தான் அனுப்புவா." போலீசில், விவரம் தெரிந்த பெண், தினமும் பதில் போடுகிறாள், இதில் காணாமல் போனது யார் என்று கேட்டார்களாம்.

அந்தக் கம்பெனி விற்பது ஒரே ஒரு முழங்கால் பெல்ட். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாக விற்கிறார்கள். இருபது வயசுக்காரனுக்கு, அதை மாட்டிக்கொண்டு ஒரு பையன் பதினைந்து வினாடி குதிக்கிற வீடியோ. நாற்பது வயசுக்காரனுக்கு, 'உங்களைப் பெற்றவர்கள் கடைசியாக எப்போது வலியில்லாமல் நடந்தார்கள்?' என்று நெஞ்சில் குத்துகிற ஒரு கேள்வி. என் வயசுக்காரர்களுக்கு ஒரு ரோஜாப் பூ, இனிய காலை வணக்கம், ஓரமாகப் பெல்ட். எங்களுக்கு அது போதும். பல் தேய்ப்பதற்கு முன் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவோம்.

என் நடைப்பயிற்சிக் குழுவுக்கும் தினமும் அந்த ரோஜா வரும். வந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்ப்பது என் வழக்கம். பூ தினமும் மாறியது. பூவுக்குப் பின்னால் தெரிந்த ஜன்னல் மட்டும் ஒன்பது நாளாக மாறவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மொட்டை மாடி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் 'தொட்டி கழுவித் தரப்படும்' என்ற எழுத்தும் போன் நம்பரின் ஒரு துண்டும். ஒரு நாள் பூ நம்பரின் முன்பாதியை மறைத்தால் மறுநாள் பின்பாதியை மறைத்தது. படங்களை அடுக்கி முழு நம்பரையும் பிடித்தோம். அப்படி எழுதி வைத்த தொட்டிகள் மூன்றுதான் என்றார் தொட்டி கழுவுகிறவர். மூன்றாவதற்கு எதிரே இந்தக் கட்டடம்.

லிஃப்ட் பக்கத்தில், 'பொருள் பற்றிக் கருத்துக் கூற எல்லா வயதினரும் தேவை, நாலாவது மாடி' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெண் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போலீசைக் கூப்பிட்டுவிடலாம் என்பது பாஸின் திட்டம். அதில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம் இருந்தது.

"சித்தப்பா, ரிசப்ஷன்ல போன் குடுத்தோமே," என்றாள் பாஸ். "என் போனை அவங்களால திறக்க முடியாது. உங்க போன்?"

"என் போனுக்குப் பூட்டே கிடையாதே."

"ஏன்?"

"என் வயசுல யாரு வந்து பாக்கப் போறா?"

நானே தொடர்ந்தேன்.

"அந்த அம்மா ரொம்ப நல்லவங்க பாஸ். என்னைப் பாத்ததும் எழுந்து நின்னாங்க. மூச்சு வாங்குதே ஐயா, முதல்ல உட்காருங்கன்னு நாற்காலி இழுத்துப் போட்டாங்க. உன் போனை ட்ரேயில வாங்கினாங்க. என் போனை ரெண்டு கையால வாங்கினாங்க. ஒரு ஆப் போட்டுத் தரேன்னாங்க."

"ம்."

"என் வீட்டுலகூட என் போனை அவ்வளவு மரியாதையா யாரும் தொட்டதில்ல."

"டெய்லர் அனுப்பினது எல்லாம் அதுலதானே இருந்துச்சு?"

"எல்லாம்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டாமல் கதவின் கீல்களைப் பார்க்கப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. யாரோ ஐயா என்று கூப்பிட்டதில் உச்சி குளிர்ந்து, ஒரு தகப்பனின் மகளைக் கோட்டைவிட்டிருக்கிறேன். ஆறு மணிக்கு அந்தப் பெண் வேனில் ஏறிவிட்டால் இன்னொரு ஊர், இன்னொரு மாடி. அடுத்த ஜன்னலுக்கு வெளியே தொட்டி இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கோபத்தில் கதவை ஓங்கி உதைத்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"பெல்ட் இருந்தா நல்லா இருக்கும்," என்றேன்.

"உதைச்சது போதும். இங்க வாங்க," என்றாள் பாஸ். மேஜையில் டேப்லெட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வெளியே போகப்போற போஸ்ட்டு எல்லாம் முதல்ல இதுல வருது. கருத்துச் சொல்ல வர்றவங்க பார்த்துச் சொல்லணும். இதைப் பாருங்க. இருபதுக்குக் கீழே ரெண்டு மூஞ்சிதான், சிரிக்கிறது ஒண்ணு, உர்ருன்னு இருக்கிறது ஒண்ணு. நாற்பதுக்கு அஞ்சு நட்சத்திரம். அறுபதுக்கு மட்டும் எழுதறதுக்கு ஒரு பெட்டி. எதுக்கு?"

"நாங்க மூஞ்சியை அமுக்கிட்டுப் போற ஜாதி இல்ல பாஸ். ஒரு பொருளைப் பத்தி நாலு வார்த்தை சொல்லலைன்னா எங்களுக்குச் சாப்பாடு இறங்காது."

பெட்டிக்குக் கீழே பொடி எழுத்தில், 'உங்கள் கருத்து நேரடியாக எழுத்தாளருக்குச் செல்லும்' என்று இருந்தது. பாஸ் அதை விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து ரோஜா வரைகிறவளுக்கு நாம் கடிதம் போடலாம்.

"சுருக்கமா எழுதுங்க," என்றாள்.

"சுருக்கமா எழுதினா எவனாவது படிச்சிடுவான்," என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். 'மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். தங்கள் ரோஜாப் படம் கண்டு மகிழ்ந்தேன். சிவப்பு சற்றுத் தூக்கல். என் இடது முழங்காலில் பதினோரு வருடமாக, குறிப்பாகப் படி இறங்கும்போது...'

"சித்தப்பா, விஷயத்துக்கு வாங்க."

"மூணாவது பாராவுல வரேன். மூணாவது பாரா வரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க. என் மகனே படிச்சதில்ல."

மூன்றாவது பாராவில், ஆயுர்வேத எண்ணெய் பற்றிய ஒரு வாக்கியத்துக்கும் வைத்தியர் ஒருவரின் கைராசிக்கும் நடுவே எழுதினேன்: 'டெய்லர் அனுப்பி வந்தோம். ஜன்னலைப் பார்த்துவிட்டோம். பக்கத்து அறையில் பூட்டிக் கிடக்கிறோம். பதில் போடவும்.' அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பாரா, குடும்பத்தில் அனைவருக்கும் ஆசிகள், கையெழுத்துக்குப் பதில் இரண்டு கும்பிடு.

எட்டு நிமிடம் கழித்து, ஸ்பீக்கர் ஒரு தடவை 'சத்தம் போடாதீங்க' என்று அதட்டி ஓய்ந்ததும், அறுபதில் புதுப் படம் வந்தது. சூரியன் மறைகிறது, இரண்டு புறாக்கள், இனிய மாலை வணக்கம். நான் இரண்டு விரலால் இழுத்தேன். இடது புறாவின் வயிற்றுக்குக் கீழே எறும்பு ஊர்வது போல எழுத்து: 'மூன்று முறை படித்தேன். நாலு பேர் இருக்கிறோம். போன் இல்லை. கதவுக்குக் கார்டு வேண்டும். ஆறு மணிக்குக் கொண்டுபோகிறார்கள்.'

"உயிரோட இருக்கா பாஸ்," என்றேன். "எவ்வளவு பொடியா எழுதியிருக்கு பாரு அந்தப் பொண்ணு."

பாஸ் இப்போது சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வெளியே போகிற போஸ்ட்டில் உதவி கேட்டு எழுத முடியுமா என்று கேட்டோம். ஸ்பீக்கர் இன்னொரு தடவை அதட்டி ஓய்ந்ததும், பதில் ஒரு பூங்கொத்தில் வந்தது. 'உதவி, போலீஸ், காப்பாற்று, அடைப்பு என்றெல்லாம் எழுதினால் சிஸ்டம் நிறுத்திவிடும். இலவசம் என்று எழுதினால் தாராளமாகப் போகும். மற்ற இரண்டையும் நுணுகி நுணுகிப் பார்க்கிறார்கள். அறுபதில் பூ இருந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள்.'

மணி இரண்டரை. பாஸ் அறைக்குள் நடக்க ஆரம்பித்தாள். நாலடி போனால் சுவர், திரும்பினால் மேஜை.

"மூணரை மணி நேரத்துல இந்த மாடிக்கு ஆள் வரணும்," என்றாள். "போனைப் பாக்குற ஆள் இல்ல. நேர்ல, உடம்போட."

"இருபதுக்குப் போட்டா?"

"சிரிச்ச மூஞ்சியை அமுக்கிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்க. நிஜமாவே ஆபத்துன்னு சொன்னாலும், நல்லா நடிக்கிறாங்கன்னு எழுதுவாங்க."

"நாற்பது?"

"பிறகு பார்க்கலாம்னு சேமிச்சு வெப்பாங்க. எனக்குத் தெரியும். நான் சேமிச்சு வெச்சது இருநூறு இருக்கு, ஒண்ணையும் திறந்ததில்ல."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூன்றாவது டேப்லெட்டைப் பார்த்தோம்.

"நாங்க வருவோம்," என்றேன். "இலவசம்னு போட்டு, நேரமும் மாடியும் போட்டா, லிஃப்ட் இல்லைன்னாலும் வருவோம்."

'இலவச மூட்டுப் பரிசோதனை முகாம். இன்று மாலை 4 மணி' என்று எழுதிக் கட்டட முகவரியையும் சேர்த்தேன். 'எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவரவும்' என்பதையும் சேர்த்தேன், வீட்டில் எக்ஸ்ரே வைத்திருக்கிறவன் அதை யாரிடமாவது காட்டத் துடித்துக்கொண்டிருப்பான். கடைசியில், 'முதல் ஐம்பது பேருக்கு மட்டும்.'

"எதுக்கு ஐம்பது?" என்றாள் பாஸ். "நமக்குக் கூட்டம்தானே வேணும்."

"பஸ்ஸுல ரெண்டு சீட்டுதான் இருக்குன்னு சொல்லிப் பாரு, இருபது பேர் ஏறுவாங்க. முப்பத்தோரு வருஷம் சொல்லியிருக்கேன்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஸ்பீக்கர் மறுபடி உயிர் பெற்றது. "ஐயா, அம்மா, அமைதியா இருங்க. நாற்காலியைத் தள்ற சத்தம் கேக்குது. அடம் பிடிச்சா உங்களுக்குத்தான் கஷ்டம்." வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. அது முடிந்து அரை நிமிடம் கழித்துத்தான் டேப்லெட்டில் முகாம் படம் வந்தது, நாலு பக்கமும் ரோஜாக் கரையோடு. கீழே 'வெளியிடப்பட்டது' என்று பச்சையாக ஒரு வரி. மணி இரண்டு ஐம்பது.

நான் கையைத் தேய்த்துக்கொண்டேன். பாஸ் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"சித்தப்பா, நமக்குப் படம் போடுறது அந்தப் பொண்ணு இல்ல."

"பின்னே?"

"ஸ்பீக்கர் பேசும்போது படம் வர்றதில்ல. பேசி முடிச்சதும் வருது. மூணு தடவை பாத்துட்டேன். பேசற ஆளும் படம் போடுற ஆளும் ஒருத்தன்தான்."

நாங்கள் எங்கள் திட்டத்தை முழுக்க, ஒரு வரி விடாமல், எங்களை மிரட்டுகிறவனிடமே கொடுத்திருக்கிறோம். அவன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். அந்தப் பச்சை வரியும் பொய்யாக இருக்கும்.

"நம்மளை வெச்சு விளையாடறானா?"

"விளையாடலாம். இல்லைன்னா, அவனும் நம்மளை மாதிரி உள்ளே கிடக்கலாம். பேசும்போது தாள் சத்தம் கேட்டுச்சு, சொந்தமா மிரட்டறவன் எழுதி வெச்சுப் படிக்க மாட்டான். எதுன்னு நாலு மணிக்குத் தெரியும்."

அந்த அரை மணி நேரத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நாலு மணி என்றால் என் வயசுக்காரர்கள் மூன்றேகாலுக்கு வந்துவிட வேண்டும். மூன்றேகால் ஆனது, ஒரு சத்தமும் இல்லை. மூன்று இருபதுக்கும் இல்லை. படம் போகவில்லை, ஏமாந்துவிட்டோம் என்று திரும்பினேன். பாஸின் கண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மறுபடியும் கதவுப் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

மூன்று இருபத்தைந்துக்குப் படியில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. டக். டக். பின்னால் ஒரு இருமல். லிஃப்ட் கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பத்து நிமிடத்தில் வெளியே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

"ஐயா, அம்மா, மன்னிக்கணும். முகாமை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சிருக்கோம்." ரிசப்ஷன் அம்மாவின் தேன் குரல்.

"படத்துல இன்னைக்குன்னுதானே இருக்கு?"

"தப்பா வந்துடுச்சுங்க ஐயா."

"பரவாயில்ல, வந்தது வந்துட்டோம். இருந்து பாத்துட்டே போறோம். அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க."

"வரிசைல நான்தான் ஏழாவது. இவர் எனக்குப் பின்னாடி வந்தவர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்கள்தான். கதவைத் தட்டிக் கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஆனால் சர்க்கரையும் வயசும் சேர்ந்த ஒரு கூட்டம் ஒரே இடத்தில் கூடினால் அதற்கு ஓர் அவசரம் உண்டு. கொஞ்ச நேரத்தில் எங்கள் தாழ்ப்பாள் வெளியிலிருந்து விலகியது. கதவைத் திறந்துகொண்டு குள்ளமாக ஓர் அம்மா நின்றார்.

"இது பாத்ரூம் இல்லியா?"

"இல்லீங்க," என்றேன். "நீங்க நல்லா இருக்கணும்."

ஹாலில் நிற்க இடமில்லை. ஆளுக்கொரு எக்ஸ்ரே உறை. ரிசப்ஷன் அம்மா ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். பாவம், இந்தக் கூட்டத்தில் அவர் என்ன செய்வார் என்று நினைத்தேன்.

"அவங்களைப் பிடிங்க," என்றாள் பாஸ்.

"அந்த அம்மாவையா?"

"அந்தப் பையன் யாரோ எழுதிக் குடுத்ததைப் படிக்கிறான். டெய்லர் விஷயத்தை யார் எழுதிக் குடுத்திருக்க முடியும்? உங்க போனைப் படிச்சவங்கதான். உங்க போனை யார்கிட்ட குடுத்தீங்க?"

இரண்டு கையால் வாங்கியது நினைவுக்கு வந்தது. இருபதுக்குக் குதிக்கிற பையன், நாற்பதுக்குக் குற்ற உணர்ச்சி. அறுபதுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஐயா என்றால் போதும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் என்னை விற்று முடித்திருக்கிறாள். ரத்தம் கொதித்தது. இத்தனை பேரைத் தாண்டி ஓட என் முழங்காலால் ஆகாது. ஆனால் வாய் நன்றாக இருந்தது. பஸ்ஸின் பின்படிக்கும் கேட்கிற என் பழைய குரலை எடுத்தேன்.

"எல்லாரும் கவனிங்க. டாக்டரம்மா அவங்கதான். பையோட போறாங்க பாருங்க. இப்ப விட்டா அடுத்த வாரம்தான்."

அவ்வளவுதான். முப்பது எக்ஸ்ரேக்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. முன்னால் கைத்தடி, பின்னால் வாக்கர், பக்கவாட்டில் ஒருவர் பேண்டைச் சுருட்டி முழங்காலையே தூக்கிக் காட்டினார். அவள் இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. பாஸ் பொறுமையாக நடந்து போய், "பை கனமா இருக்கும், குடுங்கக்கா," என்று வாங்கிக்கொண்டாள்.

பையில் எங்கள் போன்கள், இன்னும் நாலு போன்கள், சான்றிதழ்க் கட்டு, ஒரு கதவுக் கார்டு. பாஸ் முதலில் போலீசைக் கூப்பிட்டு, ஆறு மணி வேனைப் பற்றியும் சொன்னாள். பிறகு பக்கத்து அறைக் கதவில் கார்டைத் தேய்த்தாள்.

உள்ளே ஜன்னலுக்கு எதிரே கறுப்புத் தொட்டி தெரிந்தது. நாலு பேர் இருந்தார்கள். டெய்லரின் மகளை அவர் காட்டிய போட்டோவால் அடையாளம் கண்டேன், மெலிந்திருந்தாள். இருபது வயதுக்காரர்களுக்கான வீடியோக்கள்தான் அவள் வேலையாம். ரோஜாவை அவள் தொட்டதே இல்லை. அப்பா என்று மட்டும் கேட்டாள். அப்பா அதற்குள் படியேறி வந்துகொண்டிருந்தார். முகாம் படம், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் அவருக்கு நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் படித்துக் காட்டினாராம். நாங்கள் நுழைந்த கட்டடம் என்றதும் அடுத்த ஸ்டாப்பில் குதித்துவிட்டார். மகளைப் பார்த்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதே என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மைக் இருந்த மேஜையிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றான். ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல். "தாள்ல எழுதிக் குடுப்பாங்க. படிக்கலைன்னா மத்தவங்களுக்குச் சாப்பாடு நிறுத்திடுவாங்க. நான்தான் அறுபதுக்குப் படம் போடுறவன்."

"எத்தனை நாளா இங்கே இருக்கே?"

"இங்க ஒன்பது நாள். பழைய ஆபீசையும் சேர்த்தா ஒன்றரை வருஷம்."

"வீட்ல தேடலையா?"

"எனக்கு அம்மா மட்டும்தான். வெளிநாட்டுல வேலைன்னு என் போன்லேருந்து எழுதிட்டாங்க. அம்மாவும் நம்பிட்டாங்க. வெளிநாடுன்னா கூப்பிட்டா செலவாகும், எழுதினாப் போதும் கண்ணுன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

பாஸ் பையிலிருந்து அவனுடைய போனை எடுத்து நீட்டினாள். "முதல்ல அம்மாகிட்ட பேசுங்க. எந்த ஊர்ல இருக்காங்க?"

"இங்கதான். ஆறாவது பஸ் ஸ்டாப்பு," என்றான். போனை வாங்கினான், ஆனால் கூப்பிடவில்லை. "இப்ப வீட்ல இருக்க மாட்டாங்க மேடம். ரெண்டு முட்டியும் அவங்களுக்குத் தேய்ஞ்சு போச்சு."

பாஸுக்கு ஒரு கணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவன் கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கி, மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"லிஃப்ட்டுன்னா அம்மாவுக்குப் பயம்," என்றான்.

மேல்படியில் நின்று கீழே பார்த்தோம். முன்னால் வந்தவர்கள் எல்லாம் ஏறி முடித்துவிட்டார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஓர் அம்மா மட்டும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து நின்று, பிறகு அடுத்த படிக்கு வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் எக்ஸ்ரே உறை. மூச்சு வாங்க நின்றவர், இன்னும் எத்தனை படி என்று பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கினார்.

அப்படியே நின்றுவிட்டார்.

"நீ எப்படா வந்தே?" என்றார்.

அவன் ஒரு படி இறங்கினான். "நான் இங்கதாம்மா இருந்தேன்," என்றான்.

அந்த அம்மா அடுத்த படியில் கால் வைக்கவில்லை. எக்ஸ்ரே உறையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்கால்களை மெல்ல மடக்கிப் படியிலேயே உட்கார்ந்தார். அவன் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.